சிவப்பின் மேல் பூசிய பச்சை

ஹாதர்பி, வடக்கு யார்க்‌ஷர்
மார்ச் 11

நெவிலுக்கு,

நீ வியாழக்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டு ராயிடம் பேசினாயாம். போர்ச்சுகலில் நல்ல வெயில், பாதாம் மரமெல்லாம் பூத்துவிட்டது என்றாயாம். நான் பக்கத்துப் பட்டறையில்தான் இருந்தேன். அக்காவைக் கூப்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வீட்டுக்காரர் ஜன்னலைத் தட்டியிருப்பார். நீ சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். பேச்சை நடுவில் வெட்டிவிட்டுப் போனை வைக்கிற வசதி இதில் உனக்குக் கிடையாது.

லின்சி ஹார்கர் உயிரோடு இருக்கிறாள். நீ கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். இடது கண் போய்விட்டது. தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இடது கையில் முழங்கைக்குக் கீழே தகடு பொருத்தியிருக்கிறார்கள். விரல்கள் அசையுமா என்று கேட்டால் டாக்டர்கள் பிடிகொடுக்காமல் பேசுகிறார்கள். மிடில்ஸ்பரோவில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பால் டேங்கர் ஓட்டிப் பிழைக்கிற பெண்ணுக்கு ஒரு கண்ணும் ஒரு கையும் போனால் என்ன மிச்சம் என்பதை நீயே யோசித்துக்கொள்.

நீ அவளுக்கு விற்ற பெட்ஃபோர்ட் ராணுவ லாரி குளிர்காலம் முழுக்க அவள் கொட்டகையில் நின்றது. பழைய வண்டிகளின் ஈஸ்டர் ஊர்வலத்துக்கு எடுக்கலாம் என்று போன சனிக்கிழமை காலை தார்ப்பாயை விலக்கியிருக்கிறாள். முன்பக்கத்து இடது டயரில் காற்று கொஞ்சம் குறைந்திருந்தது. சக்கரத்தைக் கழற்றி என்னிடம் கொண்டுவரலாம் என்று ஜாக்கி வைத்துத் தூக்கினாள். அவளுக்குச் சக்கரம் கழற்றுவது புதிதல்ல. ஆனால் அவள் ஓட்டுகிற டேங்கரில் கண்ணுக்குத் தெரிகிற நட்டு எல்லாமே சக்கரத்தை அச்சோடு பிடித்திருக்கிற நட்டுதான்.

உன் பெட்ஃபோர்டில் அப்படி இல்லை. உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதுகிறேன், ஏனென்றால் தெரிந்துகொண்டே நீ தெரியாதவன் மாதிரி நடந்திருக்கிறாய். அந்த ரிம் ஒரே துண்டு இல்லை. இரண்டு இரும்புத் தட்டுகளை முகத்தோடு முகம் வைத்து, நடுவில் டயரைச் சிக்கவைத்து, சுற்றிலும் நட்டுப் போட்டு இறுக்கியது. உள்வட்டத்து நட்டுகள் சக்கரத்தை அச்சில் பிடிக்கின்றன. வெளிவட்டத்து நட்டுகள் இரண்டு தட்டையும் ஒன்றாகப் பிடிக்கின்றன. டயரில் காற்று இருக்கும்போது வெளிவட்டத்தைத் தொட்டால் வெடிகுண்டு. அதனால்தான் பட்டாளத்தில் அந்த நட்டுகளுக்கு மட்டும் சிவப்பு அடித்துவைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத சிப்பாய்க்கும் புரியட்டும் என்று.

லின்சியின் லாரியில் உள்வட்டமும் பச்சை, வெளிவட்டமும் பச்சை. அவள் வெளிவட்டத்தில் ஆரம்பித்தாள்.

அவள் புருஷன் டாரன் அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தான். கேஸ் சிலிண்டர் வெடித்தது என்றே நினைத்தானாம். வெளித்தட்டு கொட்டகைக் கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு பக்கத்து வயலில் போய் விழுந்தது. ஸ்பானரின் பிடியை நீட்ட ஒரு குழாய் மாட்டிக்கொள்ளலாம் என்று லின்சி அந்த நொடியில் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறாள். திரும்பாமல் இருந்திருந்தால் உனக்கு இந்தக் கடிதத்தை வேறு விதமாக எழுதியிருப்பேன். டாரன் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டான், பக்கத்தில் இருப்பது எங்கள் பட்டறைதானே. துவாலைகளை அள்ளிக்கொண்டு ஓடினேன். அங்கே பார்த்ததை எழுதமாட்டேன். அவளுக்கு நினைவு இருந்தது. "நட்டுதான பிரெண்டா கழட்டினேன்... வெறும் நட்டுதான..." என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாள், ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் வந்து இறங்கும் வரைக்கும்.

அந்த லாரியை நீ வாங்கி வந்தபோது சக்கரம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. என் பட்டறைக் கூண்டுக்குள் வைத்து இரும்புத் துகளைப் பீய்ச்சி அடுக்கடுக்காகப் பெயிண்டை உரித்தேன். ட்ராக்டர் நீலம், அதற்குக் கீழே ஏதோ மஞ்சள், அதற்குக் கீழே துரு. எல்லாம் போனபின் இரும்பில் அடித்த எழுத்துகள் எழுந்துவந்தன. செய்தவன் முத்திரை, அளவு, ராணுவத்தின் அம்புக்குறி, ஆண்டு. ஒரு ரிம்மில் லாரி செய்த அதே ஆண்டு, 43 என்று தெரிந்ததும் நீ என் முகமூடியைக்கூடக் கழற்றவிடாமல் கட்டிப்பிடித்தாய். "அக்கா, நாப்பத்தி மூணுக்கா! இவன் பிறந்ததே இந்த லாரிக்குத்தான்!" மற்றதில் ஒன்று போருக்கு அப்புறம் செய்தது, ஒன்றில் யாரோ ஆண்டையே தேய்த்து அழித்திருந்தார்கள். சரியான ஜோடியைத் தேடி நீ பண்ணை பண்ணையாக அலைந்தாய். ஒன்று பன்றிக்கொட்டகையில் தண்ணீர்க் குழாய் சுற்றிவைக்கிற உருளையாக இருந்தது. இன்னொன்றைத் தீவனக் குவியலின் மேல் பாரமாக வைத்திருந்தார்கள். அதில் ஆணித்துளைக்கும் துளைக்கும் நடுவே மயிரிழை மாதிரி விரிசல். "வெல்டு வெச்சா தெரியாதுக்கா" என்றாய். நீ திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்றுதான் அன்றைக்கே அதை இரண்டாக வெட்டிப் போட்டேன். இரண்டு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தாய். அப்போதே நான் உன்னைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

நல்ல ரிம்களுக்குப் பிரைமர் அடித்து, பச்சை அடித்து, வெளிவட்டத்து நட்டுகளுக்குச் சின்னத் தூரிகையால் ஒவ்வொன்றாகச் சிவப்பு வைத்தவள் நான். கோடைக் கண்காட்சியில் நம் ராணுவ வண்டிச் சங்கத் தலைவர் கீத் பிளெங்கின் வந்து பார்த்துவிட்டு, "போர்க்காலத்துப் போட்டோ எதுலயாச்சும் சிவப்பு நட்டு இருக்கா? காட்டுங்க பார்ப்போம்" என்றார். கறுப்பு வெள்ளைப் போட்டோவில் சிவப்பைத் தேடிய மகான். அந்த வழக்கம் போர்க்காலத்திலேயே இருந்ததா, பிறகு வந்ததா என்று அவர்கள் ஆயுசுக்கும் அடித்துக்கொள்ளட்டும். உனக்குக் கோப்பை கை நழுவியது. மறுவருஷம் லாரி முழுக்கப் பச்சையாக வந்து நின்றது, கோப்பையும் கிடைத்தது. நான் பார்த்துவிட்டுக் கேட்டேன். "கண்காட்சிக்கு மட்டும்க்கா. முடிஞ்ச கையோட சிவப்பு அடிச்சிடுவேன்" என்றாய். விற்கும்போது ராய் முன்னால் மறுபடி கேட்டேன். "லின்சிகிட்ட நானே விவரமா சொல்லிட்டேன். பச்சைக் குழந்தையா அவ?" என்று சிரித்தாய்.

நீ சொல்லவே இல்லை.

இது போதாதென்று செவ்வாய்க்கிழமை சங்கக் கூட்டம். டீக் கோப்பையோடு எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். கீத், "தப்பா நினைக்காதீங்க பிரெண்டா. நெவில்கிட்ட போன்ல பேசினேன். சக்கர வேலை முழுக்க உங்க பட்டறையோடதுன்னு சொல்றாரு" என்றார். "அப்படியா சொன்னான்? பச்சை அடிச்ச கை எந்தப் பட்டறையோடதுன்னு சொன்னானா? அந்தப் பச்சைக்குக் கோப்பை குடுத்த கை எந்தப் பட்டறையோடது கீத்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். மறுநாள் வேலிக் கதவு ஒன்றைப் பெயிண்ட் உரிக்கக் கொண்டுவந்திருந்த டாட்ஸ், "அவசரமில்ல, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். நமக்கு நாற்பது வருஷப் பழக்கம் அவர்.

நான் கேட்பது ஒன்றுதான். நீ இதே மாதிரி பச்சை பூசி விற்றது இது மட்டும் இல்லை. வேல்ஸுக்கு ஒரு லாரி போனது. பெல்ஜியத்துக்கு ஒன்று போனது. சந்தையில் தார்ப்பாய் விரித்துத் தனி ரிம்களாகவும் விற்றாய். வாங்கியவர்களின் பெயரும் விலாசமும் எழுது. மன்னிப்பெல்லாம் இப்போது வேண்டாம், அதற்கு நேரம் கிடக்கிறது. அவர்களுக்கு நேரம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

பிரெண்டா


ஹாதர்பி
ஏப்ரல் 4

நெவிலுக்கு,

உன் பதில் வந்தது. மூக்குக்கண்ணாடி போடாமல் படித்ததால்தான் இப்படித் தெரிகிறதோ என்று போட்டுக்கொண்டும் ஒருமுறை படித்தேன். அப்படியேதான் இருந்தது.

காற்றை இறக்காமல் நட்டில் கை வைத்தது அவள் முட்டாள்தனம் என்று எழுதியிருக்கிறாய். போன வருஷம் உன் காருக்கு என் வாசலில் சக்கரம் மாற்றினாயே, காற்றை இறக்கிவிட்டா மாற்றினாய்? உலகத்தில் யாரும் அப்படி மாற்றுவதில்லை. இந்த ஒரு ஜாதிச் சக்கரத்துக்குத்தான் அது வேண்டும், அதைச் சொல்லத்தான் அந்தச் சிவப்பு. அப்புறம், பழைய வண்டி வாங்குகிறவர்கள் தாங்களே விசாரித்துக்கொள்ள வேண்டும் என்கிறாய். பெயர்களைக் கொடுத்தால் வழக்குக்கு வழி செய்தது போல் ஆகிவிடும் என்று உன் வக்கீல் சிநேகிதர் யாரோ சொன்னாராம். அந்தச் சிநேகிதர் வாயில் என் துகள் பீய்ச்சும் குழாயை வைத்து ஒரு நிமிஷம் திறந்துவிட்டால் நன்றாக இருக்கும்.

இங்கே நடந்ததைக் கேள். காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து திருமதி பட்டர்ஃபீல்ட் என்றொரு அம்மாள் லின்சியின் கொட்டகையைப் பார்க்க வந்தார். என் பெயரும் இதில் அடிபடுவதால் நான் வெளியிலேயே நிற்க வேண்டும் என்றார். அது நியாயம்தான். மழையில் நின்றேன். வைக்கோலில் கிடந்த நட்டு ஒன்றை எடுத்து, டாரன் பார்க்கப் பேனாக்கத்தியால் சுரண்டியிருக்கிறார். மேலே பச்சை. அதன் கீழே சிவப்பு. அதற்கும் கீழே என் சாம்பல் நிறப் பிரைமர். இன்னொன்றை எடுத்தார், அதுவும் அப்படியே. டாரன்தான் வெளியே வந்து என்னைக் கூப்பிட்டான்.

"இந்தச் சிவப்பு யார் அடிச்சது?" என்று கேட்டார். நான் என்றேன்.

"மேல இருக்கிற பச்சை?"

நெவில், அந்த அம்மாள் அவசரப்படுத்தவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அம்மா இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாள். கொட்டகைக் கூரையில் அந்த ஓட்டை இருந்தது, அதன் வழியாக மழை பெய்துகொண்டிருந்தது. "என் தம்பி" என்று சொன்னேன். பெயரைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டதன் கீழே கையெழுத்தும் போட்டேன். காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று நீ சொல்வாய். ஆமாம், காட்டிக்கொடுத்தேன். பிறகு பட்டறைக்கு வந்து துகள் பீய்ச்சும் முகமூடியை மாட்டிக்கொண்டு அழுதேன். அதை மாட்டினால் உள்ளே என்ன நடக்கிறதென்று ராய்க்குக்கூடத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை லின்சியைப் போய்ப் பார்த்தேன். கட்டிய தாடையோடு பல்லிடுக்கில் பேசுகிறாள், ஆனால் வாய் அடங்கவில்லை. "ஒரு கண்ணு போச்சுன்னதும் டாரன் ஓடிடுவான்னு பார்த்தேன் பிரெண்டா. எங்க ஓடுறது? நாற்காலியிலயே குறட்டை விடுறான், வார்டே தூங்கல" என்றாள். நான் சிரித்தேன். சிரித்தது தப்போ என்று பயந்தேன். பிறகு அவள் கேட்டாள்: "உங்க தம்பி ஏன் சொல்லல? சாவியைக் குடுத்த அன்னிக்கு அரை நாள் பேசினாரு. குளிர்ல எப்படி ஸ்டார்ட் பண்ணணும், ரெண்டாவது கியர் எப்படி மக்கர் பண்ணும், எந்தக் கதவு தானா தொறக்கும், எல்லாம் சொன்னாரு. அதை மட்டும் ஏன் சொல்லல? அவர் மேல எனக்குக் கோவம் இல்லன்னு சொல்லமாட்டேன். கொலைவெறியே இருக்கு. ஆனா திட்டறதுக்கு முன்னாடி இது ஒண்ணு தெரியணும்."

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். பொய். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சிவப்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அதைப் பச்சை அடித்து மறைத்ததையும் சொல்ல வேண்டிவரும். அப்புறம் கோப்பை, அப்புறம் கீத். கொஞ்சம் வெட்கமாக இருந்திருக்கும். அந்தக் கொஞ்ச வெட்கத்துக்குப் பதிலாகத்தான் அந்தப் பெண்ணின் கண். இல்லை என்றால் இல்லை என்று எழுது. நான் நம்பத் தயாராக இருக்கிறேன், அவ்வளவு ஆசையாக இருக்கிறது எனக்கு நம்ப.

பெயர்களை அனுப்பு. உன் வக்கீல் சிநேகிதரைக் கேட்காதே. மாட்டேன் என்றால் அடுத்த விமானத்தில் நானே வந்து உன் வாசலில் உட்காருவேன். வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளாது, என் கோபம் இன்னும் கூடும்.

பிரெண்டா


ஹாதர்பி
ஜூன் 2

நெவிலுக்கு,

பெயர்கள் வந்தன. நான் கேட்டதற்கு ஒரு வரிகூட எழுதாமல் வெறும் பட்டியலை அனுப்பியிருந்தாய். அதுவே பெரிய காரியம் என்று எடுத்துக்கொண்டேன்.

வேல்ஸில் இருக்கிற யோர்வர்த் பியூ என்பவரை அன்றே கூப்பிட்டேன். முதலில் நான் ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்துக் கிண்டல் செய்தார். விஷயத்தைச் சொன்னதும் கிண்டல் நின்றுவிட்டது. பிறகு மெதுவாக, "அந்த நட்டுக்குத்தாம்மா எண்ணெய் போட்டு ஊற வெச்சிருக்கேன். இறுகிக் கெடக்கு, சனிக்கிழமை மச்சானக் கூட்டிட்டு வந்து ரெண்டு பேருமா கழட்டலாம்னு" என்றார். பின்னாலிருந்து அவர் மனைவி என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தது எனக்குக் கேட்டது.

பெல்ஜியத்துக்காரி கொடலீவ் படம் அனுப்பியிருக்கிறாள். வீட்டில் சிவப்புப் பெயிண்ட் இல்லையாம், கடை திறக்கும் வரை பொறுக்காமல் தன் நகப்பூச்சையே எடுத்து எல்லா நட்டுக்கும் பூசிவிட்டாளாம். பளபளவென்று இருக்கிறது. கீத்திடம் காட்டினேன். வரலாற்றுப்படி சரியான நிறம்தானா என்று கேட்டேன். அவரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சிவப்பு இல்லாத இரட்டைத் தட்டு ரிம்மோடு எந்த வண்டியும் இனிக் கண்காட்சிக்குள் வரக் கூடாது என்று அவரே எழுந்து தீர்மானம் கொண்டுவந்தார். உனக்குக் கொடுத்த கோப்பையைப் பற்றியும் பேசினார், தன் பெயரைச் சேர்த்தே பேசினார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அன்றைக்குக் கொஞ்சம் இறங்கியது. டாட்ஸ் வேலிக் கதவைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார், காரணம் எதுவும் சொல்லாமல்.

லின்சியின் பெருவிரலும் அடுத்த விரலும் அசைகின்றன. மற்றவை இல்லை. டேங்கர் வேலை போய்விட்டது, பால் பண்ணை அலுவலகத்தில் வண்டிகளை அனுப்பும் வேலை கொடுத்திருக்கிறார்கள். "எல்லாப் பயலையும் நான்தான் இப்ப விரட்டுறேன்" என்கிறாள். அவள் சிரிக்கும்போது முகம் ஒரு பக்கமாகத்தான் சிரிக்கிறது. வழக்கைப் பற்றி டாரன் பேசுகிறான். அதில் நான் குறுக்கே நிற்கமாட்டேன் என்று உனக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன்.

மிச்சம் இருப்பது அந்தச் சந்தைக்காரர். மழையில் ரிம்களை வாங்கி வேனில் ஏற்றிக்கொண்டு போனவர், கூட ஒரு மூன்றுகால் நாய் இருந்தது, பெயர் கேட்கவில்லை என்று பட்டியலின் அடியில் எழுதியிருக்கிறாய். சங்கப் பத்திரிகையில் போட்டாயிற்று. ஆனால் எல்லாரும் பத்திரிகை படிப்பதில்லை. அந்த ரிம்கள் இப்போது ஏதோ ஒரு வண்டியில் மாட்டியிருக்கும். அல்லது அவரும் வேறு யாருக்காவது விற்றிருப்பார்.

ஜூலையில் கண்காட்சி. நாடு முழுவதிலுமிருந்தும் வண்டிகள் வரும். வாசலில் மேஜை போட்டு, வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொல்வது என்று முடிவாகியிருக்கிறது. லின்சி தானே உட்காருகிறேன் என்கிறாள். "நான் எதுவும் பேசவே வேண்டாம், மூஞ்சியப் பார்த்தாலே போதும்" என்றாள். டாரன் வேண்டாம் என்றான். அவள் கேட்கவில்லை.

அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தவன் நீ ஒருவன்தான், நெவில். அவர் வாசல் வழியாக நடந்து போனாலும் எங்களில் யாருக்கும் தெரியாது. நீ வர வேண்டும். மூன்று நாளும் அந்த மேஜையில் லின்சிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நான் அவளிடம் கேட்டுவிட்டேன், "வரட்டும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், அதற்கு மேல் நீ எதையும் எதிர்பார்க்காதே. பின்னறையில் உனக்குப் படுக்கை போட்டுவைக்கிறேன். நான் சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்து வராதே. திட்டுவேன், சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திட்டுவேன், நீ சாப்பிட்டுக்கொண்டே கேட்க வேண்டும். ஆனால் வா.

வழக்கமாகக் கடைசியில் உனக்கும் உன் வீட்டாருக்கும் ஆண்டவன் அருளை வேண்டுவேன். இப்போது சர்ச்சில் மண்டியிட்டால் வேறு ஒன்றுதான் வாயில் வருகிறது. பெயர் தெரியாத அந்த மனிதர், ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன் டயரில் இருக்கிற காற்றை முழுக்க இறக்கிவிடட்டும். அவர் வீட்டில் யாராவது டீ ஆறுகிறது என்று அவரை அந்த நேரம் பார்த்து உள்ளே கூப்பிடட்டும். நீயும் இதையே வேண்டிக்கொள்.

உன் அக்கா
பிரெண்டா